நெஸ்டட் டேட்டாவை மரமாக அச்சிடும்போது கோடுகள் ஏன் தப்பான இடத்தில் விழுகின்றன?

கேள்வி சுருக்கமாக இதுதான்: ஏபிஐயிலிருந்து (ஒரு புரோகிராம் இன்னொன்றிடம் டேட்டா கேட்டு வாங்கும் வழி) பல அடுக்கு டிக்ஷனரி ஒன்று வருகிறது, பிரின்ட் செய்தால் ஒரே நீள வரியாகக் கொட்டுகிறது. ட்ரீ கட்டளை ஃபோல்டர்களைக் காட்டுகிற மாதிரி கிளை கிளையாகக் காட்ட வேண்டும். ரிகர்ஷன் (ஃபங்ஷன் தன்னையே அழைப்பது) எழுதிப் பார்த்தாயிற்று, ஆனால் செங்குத்துக் கோடுகள் வரக்கூடாத இடத்தில் எல்லாம் வருகின்றன. பைத்தானை வைத்துச் சொல்கிறேன், ஜாவாஸ்கிரிப்ட் வேறுபடுகிற இடங்களை நடுநடுவே தொட்டுக்கொள்கிறேன்.

உங்கள் அவுட்புட் அநேகமாக இப்படி இருக்கும்:

ஆர்டர்
├── வாடிக்கையாளர்
│   ├── பெயர்: மீனா
│   └── முகவரி
│   │   ├── ஊர்: திண்டுக்கல்
│   │   └── பின்கோடு: 624001
└── பொருட்கள்
│   ├── [0]
│   │   ├── பெயர்: பூட்டு
│   │   └── எண்ணிக்கை: 2
│   └── [1]
│   │   ├── பெயர்: சாவிக்கொத்து
│   │   └── எண்ணிக்கை: 1

வர வேண்டியது இது:

ஆர்டர்
├── வாடிக்கையாளர்
│   ├── பெயர்: மீனா
│   └── முகவரி
│       ├── ஊர்: திண்டுக்கல்
│       └── பின்கோடு: 624001
└── பொருட்கள்
    ├── [0]
    │   ├── பெயர்: பூட்டு
    │   └── எண்ணிக்கை: 2
    └── [1]
        ├── பெயர்: சாவிக்கொத்து
        └── எண்ணிக்கை: 1

முதல் படத்தில் என்ன நடந்திருக்கிறது என்றால், நீங்கள் ரிகர்ஷனுக்குள் ஆழம் என்று ஓர் எண்ணை அனுப்புகிறீர்கள், ஒவ்வொரு வரியிலும் அந்த எண்ணிக்கைக்கு ஏற்ப ஒரு கோடும் மூன்று ஸ்பேஸும் அச்சிடுகிறீர்கள். வெறும் இன்டென்ட் போடுவதற்கு ஆழம் போதும். கோடு போடுவதற்குப் போதாது. ஒரு வரியின் இடது பக்கம் எப்படி இருக்கும் என்பது அது எத்தனையாவது அடுக்கில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது மட்டும் இல்லை, அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு முன்னோரும் தன் வீட்டில் கடைக்குட்டியா இல்லையா என்பதையும் பொறுத்தது. கடைக்குட்டி இல்லையென்றால் அவருக்குக் கீழே இன்னும் தம்பி தங்கைகள் வர வேண்டியிருக்கிறது, அதனால் அந்த நிரலில் (செங்குத்து வரிசையில்) கோடு தொடர வேண்டும். கடைக்குட்டி என்றால் அந்த நிரல் அங்கேயே முடிந்துவிட்டது, கீழே வெறும் ஸ்பேஸ்தான்.

ஒரு வரியை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். திண்டுக்கல் இருக்கிற வரி. வேரை விட்டுவிட்டால் அதற்கு இரண்டு முன்னோர்கள்: வாடிக்கையாளர், முகவரி. வாடிக்கையாளருக்குப் பின்னால் பொருட்கள் என்று இன்னொருவர் காத்திருக்கிறார், ஆகவே "│   ". முகவரி தன் கூட்டத்தில் கடைசி, ஆகவே "    ". ஊர் என்ற அந்த நோடு (மரத்தின் ஓர் உறுப்பு) கடைசி இல்லை (பின்கோடு இருக்கிறது), ஆகவே "├── ". மூன்றையும் ஒட்டினால் "│       ├── ஊர்: திண்டுக்கல்" கிடைக்கிறது. இதேபோல "எண்ணிக்கை: 1" வரியைப் பிரித்தால் பொருட்கள் கடைசி, [1] கடைசி, அதுவும் கடைசி. எனவே எட்டு ஸ்பேஸ், பிறகு "└── ".

ஆக, ஆழ எண்ணுக்குப் பதிலாக ரிகர்ஷனுக்குள் அனுப்ப வேண்டியது ஒரு ஸ்ட்ரிங், அதாவது இதுவரை சேர்ந்த முன்னொட்டு:

காட்டு(நோடு, முன்னொட்டு):
    பிள்ளைகள் = நோடின் பிள்ளைகள், ஒரு லிஸ்டாக
    ஒவ்வொரு பிள்ளைக்கும்:
        கடைசியா = லிஸ்டில் இதுதான் இறுதியா?
        குறி = கடைசி என்றால் "└── ", இல்லையென்றால் "├── "
        அச்சிடு(முன்னொட்டு + குறி + பிள்ளையின் லேபிள்)
        நீட்சி = கடைசி என்றால் "    ", இல்லையென்றால் "│   "
        காட்டு(பிள்ளை, முன்னொட்டு + நீட்சி)

அவ்வளவுதான் மொத்த அல்காரிதமும். குறி, நீட்சி இரண்டையும் கலக்காதீர்கள். குறி இந்த வரிக்கு மட்டும், கீழே போகாது. நீட்சி இந்த வரியில் வராது, பிள்ளைகளுக்குத்தான் போகும். இரண்டும் ஒரே கேள்வியிலிருந்து பிறக்கின்றன, குறிக்கு இரண்டு, நீட்சிக்கு இரண்டு ஆக நான்கு துண்டுகளுமே நான்கு நிரல் அகலம். அகலத்தில் ஒன்று குறைந்தாலும் கீழே போகப் போகப் படம் சாய்ந்துகொண்டே போகும். வேர் நோடுக்கு முன்னொட்டும் கிடையாது, குறியும் கிடையாது, அதை ஃபங்ஷனுக்கு வெளியே தனியாக அச்சிட்டுவிடுங்கள். வேருக்கும் சேர்த்து ஒரே ஃபங்ஷனில் எழுதப் பார்த்தால் தேவையில்லாமல் இரண்டு இஃப் வந்து உட்காரும்.

இன்னொன்று, உள்ளேயே பிரின்ட் செய்யாமல் வரிகளை ஒவ்வொன்றாக யீல்ட் செய்யுங்கள் (அழைத்த இடத்துக்குக் கொடுங்கள்). டெர்மினலில் காட்டுவது, ஃபைலில் எழுதுவது, டெஸ்ட்டில் ஒப்பிடுவது மூன்றும் அதே ஃபங்ஷனை வைத்து நடக்கும்.

அடுத்து, "நோடின் பிள்ளைகள்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்ட இடம். கோடு வரைவதைவிட இங்கேதான் அதிகம் உதைக்கும். இதைத் தனி ஃபங்ஷனாக வைத்துக்கொள்ளுங்கள்: டிக்ட் வந்தால் கீயும் வேல்யூவுமாக ஜோடிகள், லிஸ்ட் அல்லது டியூபிள் வந்தால் வரிசை எண்ணும் வேல்யூவுமாக ஜோடிகள், வேறு எது வந்தாலும் காலி லிஸ்ட், அதாவது இலை. "லூப் போட முடிகிற எதுவும் கிளைதான்" என்று பொதுவாக எழுதிவிடத் தோன்றும், எழுதாதீர்கள். பைத்தானில் ஸ்ட்ரிங்கையும் லூப் போடலாம், ஓர் எழுத்துள்ள ஸ்ட்ரிங்கை லூப் போட்டால் அதே ஓர் எழுத்து ஸ்ட்ரிங்தான் திரும்ப வரும், அது மறுபடி தன்னையே தரும், ரிகர்ஷன் எர்ரர் வரும்வரை ஓடும். பைத்தானின் வழக்கமான ரிகர்ஷன் வரம்பு 1000, ஆகவே சீக்கிரமே வரும். என்றாலும் அந்த எர்ரரைப் பார்த்து டேட்டாவில் ஏதோ சுழற்சி இருக்கிறது என்று நினைத்துத் தேடத் தொடங்கிவிடுவோம்.

கடைசிப் பிள்ளை யார் என்று கண்டுபிடிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. காலியாக உள்ள ஃபீல்டுகளைக் காட்ட வேண்டாம் என்று லூப்புக்குள் கன்டின்யூ போடுவீர்கள். இறுதியில் இருக்கும் ஃபீல்டே காலியாக இருந்தால், அது தாண்டப்பட்டுவிடும், அதற்கு முன்னால் வந்தவர் "├── " குறியோடு அந்தரத்தில் தொங்குவார், அவருக்குக் கீழே கோடு எங்கும் போய்ச் சேராமல் நிற்கும். வடிகட்டுவதை முதலில் முடித்துவிட்டு, மிஞ்சியதை லிஸ்டாக்கி, அதில் கடைசி யார் என்று பாருங்கள். பிள்ளைகள் ஜெனரேட்டராக வந்தாலும் இதே கதைதான், லிஸ்டாக மாற்றாமல் கடைசி எது என்று தெரியாது.

வரிசை பற்றி ஒரு வார்த்தை. பைத்தான் 3.7 முதல் டிக்ட் சேர்த்த வரிசையிலேயே கீகளைத் தரும் என்பது மொழியின் உத்தரவாதம். ஜாவாஸ்கிரிப்ட்டில் முழு எண் போலத் தோற்றமளிக்கும் கீகள் முதலில், ஏறுவரிசையில் வரும், மற்றவை பிறகுதான். ஆர்டர் எண்ணையே கீயாக வைத்த ஆப்ஜெக்ட்டை மரமாக அச்சிட்டுவிட்டு "சர்வர் அனுப்பிய வரிசை மாறிவிட்டதே" என்று குழம்புவதற்கு இதுதான் காரணம்.

இலைகளை எப்படி எழுதுவது என்பதில் கொஞ்சம் கறாராக இருங்கள். காலி டிக்ட், காலி லிஸ்ட், நன் (None, வேல்யூ இல்லை என்பதற்கான குறி), காலி ஸ்ட்ரிங் நான்கும் வேறு வேறு. நான்கையும் லேபிளுக்குப் பின் வெற்றிடமாக விட்டுவிட்டால் டீபக் செய்ய உட்கார்ந்த நோக்கமே போய்விடும். {} என்றும் [] என்றும் அப்படியே எழுதுங்கள், ஸ்ட்ரிங்குக்கு மேற்கோள் குறி போடுங்கள். மேலே நான் காட்டிய படத்தில் மேற்கோள் இல்லை, படிக்க எளிதாக இருக்கட்டும் என்று விட்டேன், ஆனால் நிஜத்தில் 624001 என்பது எண்ணா ஸ்ட்ரிங்கா என்ற கேள்விக்கு விடை மேற்கோள் குறியில்தான் இருக்கிறது. பைத்தானின் ரெப்ர் (வேல்யூவைக் கோடில் எழுதுகிற மாதிரி ஸ்ட்ரிங்காகத் தரும் ஃபங்ஷன்) இதைச் செய்துவிடும், தமிழ் எழுத்துகளையும் தொடாமல் விட்டுவிடும். ஜேசன் (ஏபிஐகள் டேட்டா அனுப்பும் எழுத்து வடிவம்) மாட்யூலின் டம்ப்ஸை இதற்குப் பயன்படுத்தினால், அது வழக்கமாகத் தமிழை எல்லாம் பின்சாய்வுக் கோடும் எண்களுமாக மாற்றித் தள்ளும். என்ஷ்யூர்_ஆஸ்கி என்ற ஆப்ஷனை ஃபால்ஸ் ஆக்க வேண்டும்.

ரெப்ர் இன்னொரு உதவியும் செய்கிறது: ஸ்ட்ரிங்குக்குள் வரி முறிவு இருந்தால் அதை ஒரே வரியில் அடக்கிவிடும். பல வரி உரையை அப்படியே காட்டத்தான் வேண்டும் என்றால், முதல் வரிக்கு முன்னொட்டும் குறியும், இரண்டாம் வரியிலிருந்து முன்னொட்டும் நீட்சியும் போடுங்கள்:

└── பொருட்கள்
    ├── குறிப்பு: மாலை 6 மணிக்கு மேல்
    │   கொண்டுவரவும், கீழ்வீட்டில் கொடுக்கலாம்
    └── எடை: 1.4

ஏற்கெனவே கையில் இருக்கும் அதே நீட்சிதான், புதிதாக எதுவும் கணக்கிடத் தேவையில்லை.

சரி, சுழற்சி. பிள்ளை நோடுக்குள் அப்பாவைச் சுட்டும் ஃபீல்டு இருந்தால் மேலே எழுதிய ஃபங்ஷன் ரிகர்ஷன் எர்ரர் வரும்வரை ஓடும். ஜேசனாக வந்த டேட்டாவில் இது வர வாய்ப்பே இல்லை, ஏனென்றால் ஜேசன் வடிவத்தில் சுழற்சியை எழுதவே முடியாது. ஆனால் ஓஆர்எம் ஆப்ஜெக்ட்டுகள் (டேட்டாபேஸ் வரிசைகளின் ஆப்ஜெக்ட் வடிவம்), டாம் நோடுகள் (வெப் பக்கத்தின் உறுப்புகள்) என்று வந்துவிட்டால் இது அன்றாடம். பைத்தான் தன்னையே உள்ளே வைத்திருக்கும் லிஸ்டை [[...]] என்று காட்டித் தப்பிக்கும். ஜாவாஸ்கிரிப்ட்டின் ஜேசன் ஸ்ட்ரிங்கிஃபை எர்ரர் எறிந்துவிடும்.

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து, பார்த்த நோடுகளை ஒரு செட்டில் போட்டுவைப்பது. சரிதான், ஆனால் எந்தச் செட்? வேரிலிருந்து இந்த நோடு வரைக்குமான பாதையில் இருப்பவர்களை மட்டும் வைக்கும் செட் ஒன்று: உள்ளே போகும்போது சேர்க்கிறோம், வெளியே வரும்போது எடுத்துவிடுகிறோம். இதுவரை எங்கே பார்த்திருந்தாலும் எடுக்காமல் வைக்கும் செட் இன்னொன்று. முதலாவது உண்மையான சுழற்சியை மட்டும் பிடிக்கும். இரண்டாவது, ஒரே முகவரி ஆப்ஜெக்ட்டை இரண்டு ஆர்டர்கள் பகிர்ந்துகொண்டாலே "சுழற்சி" என்று கூவிவிடும், அங்கே சுழற்சியே கிடையாது. டீபக்கிங்குக்கு முதலாவதுதான் வேண்டும். பகிர்வு மிக அதிகமாக இருந்து மரம் ஊதிப் பெருத்துவிட்டால் மட்டும் இரண்டாவதுக்குப் போங்கள், "மேலே காட்டியாயிற்று" என்று ஓர் அடையாளம் போட்டு நிறுத்துங்கள். பேக்கேஜ் சார்புகளைக் காட்டும் கருவிகள் இதைத்தான் செய்கின்றன. ரஸ்ட்டின் கார்கோ ட்ரீ, கிரேடில் இரண்டும் திரும்ப வருவதற்கு (*) போடும், என்பிஎம் "டீடியூப்டு" என்று எழுதும்.

செட்டில் வைக்க வேண்டியது ஆப்ஜெக்ட்டின் ஐடியை (பைத்தான் அதற்குத் தரும் அடையாள எண்). சமமாக இருப்பது வேறு, அதே பொருளாக இருப்பது வேறு. போதாததற்கு டிக்டை அப்படியே செட்டில் வைக்கவும் பைத்தான் விடாது. இதில் நுணுக்கமான ஆபத்து ஒன்று: பைத்தானில் ஒரு ஆப்ஜெக்ட் அழிந்துவிட்டால் அதன் ஐடி வேறொன்றுக்குக் கிடைக்கலாம். பாதைச் செட்டில் பயமில்லை, முன்னோர்கள் எல்லாம் உயிரோடுதான் இருக்கிறார்கள். எடுக்காமல் வைக்கும் செட்டில், பிள்ளைகளை அப்போதைக்கப்போது உருவாக்கித் தருகிற ஃபங்ஷன் இருந்தால், பழைய ஐடி புது நோடுக்கு வந்து அதை "ஏற்கெனவே பார்த்தது" ஆக்கிவிடும். அங்கே ஐடியோடு ஆப்ஜெக்ட்டையும் பிடித்துவையுங்கள்.

ஆழத்தைப் பற்றிப் பலர் ரொம்பக் கவலைப்படுகிறார்கள். ஏபிஐ டேட்டா 1000 அடுக்கு போவதில்லை. அப்படிப் போனால் சொந்த ஸ்டேக் வைத்து லூப்பாக எழுதலாம், நோடு, முன்னொட்டு, கடைசியா என்ற மூன்றையும் ஒரு டியூபிளாக்கி, பிள்ளைகளைத் தலைகீழ் வரிசையில் உள்ளே தள்ளினால் சரியான வரிசையில் வெளியே வரும். நிஜமான தொல்லை அகலம். 5000 வரிசைகள் உள்ள லிஸ்ட் ஒன்று நடுவே இருந்தால் மரம் செத்தது. முதல் சிலவற்றை மட்டும் காட்டி "… இன்னும் 4990" என்று ஒரு வரி போடுங்கள். அப்போது அந்த வரிதான் கடைக்குட்டி, "└── " அதற்குத்தான் போக வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்காரர்களுக்கு ஒரு குறிப்பு: நோட் ஜேஎஸ்ஸின் கன்சோல் லாக் இயல்பாக 2 அடுக்குக்கு மேல் உள்ளே போகாது, அதற்குக் கீழே இருப்பது [ஆப்ஜெக்ட்] என்று மறைந்துவிடும். டேட்டா வரவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் கன்சோல் டிர்ரில் டெப்த் ஆப்ஷனை நல் (null) ஆக்கிப் பாருங்கள்.

வரைபடத் தரவுக்கான ஜியோஜேசன் மாதிரி வடிவங்களில் இன்னொரு சிக்கல் வரும். அதில் ஒரு பாலிகன் என்பது லிஸ்டுக்குள் லிஸ்டுக்குள் எண் ஜோடி, தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரி கொடுத்தால் சின்ன ஏரி ஒன்றின் கரைக்கே பல நூறு வரி ஓடும், படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. நான் வைத்திருக்கும் விதி: ஒரு லிஸ்டின் உறுப்புகள் எல்லாமே எண், ஸ்ட்ரிங், பூலியன் மாதிரி எளிய வேல்யூக்களாக இருந்து, சேர்த்து எழுதினால் 60 எழுத்துக்குள் அடங்கினால், அது இலை. [77.98, 10.36] என்று லேபிளுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடு. இந்த ஒரு விதி மற்ற எல்லா அலங்காரத்தையும்விட மரத்தைப் படிக்கத்தக்கதாக ஆக்கும்.

இப்போது அந்தக் கோட்டு எழுத்துகள். யூனிகோடில் பெட்டி வரையும் எழுத்துகளுக்கு என்று 128 இடங்கள் கொண்ட தனிப் பகுதியே இருக்கிறது. ஐபிஎம் பிசி 1981-ல் வந்தபோது அதன் 437-ஆம் கோட் பேஜில் (எழுத்துகளுக்கு எண் தரும் அட்டவணை) இவற்றில் பல ஏற்கெனவே இருந்தன: │ 179, └ 192, ├ 195, ─ 196. டாஸ் காலத்து ட்ரீ கட்டளை அவற்றை வைத்துத்தான் வரைந்தது, அந்த எழுத்துகள் இல்லாத பிரின்டருக்காக "+---", "\---" என்று வரையும் ஆப்ஷனும் அதில் உண்டு. கிரேடிலும் மேவனும் இன்றும் கூட்டல் குறியும் சாய்கோடுமாக வரைகின்றன, பழமை மாதிரித் தெரிந்தாலும் எந்த லாக் ஃபைலிலும் உடையாது.

விண்டோஸில் உடைவது இங்கேதான். டெர்மினலில் அழகாக வந்த மரத்தை ஃபைலுக்குத் திருப்பினால் யூனிகோட் என்கோட் எர்ரர். பைத்தான் 3.6 முதல் விண்டோஸ் கன்சோலுக்கு நேராக எழுதும்போது யூடிஎஃப்-8 வழியில் போகிறது, ஆனால் வெளியீட்டை ஃபைலுக்கோ பைப்புக்கோ திருப்பினால் கணினியின் பழைய கோட் பேஜுக்கு இறங்கிவிடுகிறது. 1252-ஆம் கோட் பேஜில் └ கிடையாது, தமிழும் கிடையாது. ஃபைலை நீங்களே திறந்து எழுதுவதானால் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஸ்டாண்டர்ட் அவுட்டுக்கு 3.7-லிருந்து ரீகான்ஃபிகர் என்ற மெதட் இருக்கிறது. மற்றவர்களுக்குக் கொடுக்கும் கருவி என்றால், அவுட்புட்டின் என்கோடிங்கில் └ எழுத்தை என்கோட் செய்து பார்த்து, முடியாவிட்டால் கூட்டல் குறிப் பாணிக்கு மாறிவிடும்படி எழுதுவது நல்லது. அந்த நான்கு துண்டுகளும் ஃபங்ஷனுக்குப் பாராமீட்டராக வந்தால் இது ஒரு வரி வேலை.

லினக்ஸின் ட்ரீ கட்டளை வரைந்ததைக் காப்பி செய்து, அதை உங்கள் டெஸ்ட்டில் எதிர்பார்க்கும் விடையாக ஒட்டினால் கண்ணுக்கு ஒரே மாதிரி இருந்தும் டெஸ்ட் விழும். யூடிஎஃப்-8 முறையில் அது │ குறிக்குப் பிறகு சாதாரண ஸ்பேஸ் போடாமல், வரி முறிக்காத ஸ்பேஸைக் கலந்து போடுகிறது. முழு நாளைத் தின்னக்கூடிய சமாச்சாரம் இது.

தமிழ் லேபிள்கள் மரத்தைக் கெடுக்குமா என்றும் கேட்பார்கள். கெடுக்காது. கோடுகள் எல்லாம் லேபிளுக்கு இடது பக்கம் இருக்கின்றன, லேபிள் எவ்வளவு அகலமானாலும் அடுத்த வரியைத் தொடாது. வேல்யூக்களை வலது பக்கம் ஒரே நிரலில் அடுக்கப் பார்த்தால்தான் வம்பு: "தமிழ்" என்ற சொல்லுக்கு பைத்தானின் லென் 5 என்று சொல்லும், கண்ணுக்கு மூன்று எழுத்து, டெர்மினலில் எத்தனை நிரல் என்பது டெர்மினலுக்கும் ஃபான்ட்டுக்கும் ஏற்ப மாறும். அடுக்காதீர்கள், லேபிளுக்குப் பின் முக்காற்புள்ளி போட்டு வேல்யூவை உடனே எழுதிவிடுங்கள். வெப் பக்கத்தில் காட்டுவதானால் சம அகல ஃபான்ட்டும் இறுக்கமான வரி உயரமும் கொடுங்கள், இல்லையென்றால் செங்குத்துக் கோடுகள் துண்டு துண்டாகத் தெரியும்.

இதையெல்லாம் கையால் எழுதத்தான் வேண்டுமா? பைத்தானில் ரிச் லைப்ரரியின் ட்ரீ நன்றாக இருக்கிறது, நிறமும் கிடைக்கும். நோடுகளை நீங்களே வடிவமைப்பதானால் எனிட்ரீ, ட்ரீலிப் இருக்கின்றன. ஆனால் ரிச்சிலும் டிக்டைக் கொடுத்தால் மரம் தானாக வந்துவிடாது, கிளைகளை நீங்கள்தான் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். அதாவது மேலே பேசிய பிள்ளைகள், சுழற்சி, சுருக்கல் எல்லாம் அப்படியே உங்கள் தலையில்தான், கோடு போடும் ஆறேழு வரியை எழுதாமல் தப்பிக்கலாம், அவ்வளவுதான். ஏற்கெனவே ரிச் இருக்கும் புராஜெக்ட் என்றால் பயன்படுத்துங்கள், இதற்காக மட்டும் புதிதாக இழுத்துவர மாட்டேன்.

மரத்தைக் கிட்டில் (Git, ஃபைல்களின் பழைய பதிப்புகளைக் காக்கும் கருவி) சேமித்துப் பழையதோடு ஒப்பிடலாம் என்று நினைத்திருந்தால் மட்டும் வேண்டாம் என்பேன். பொருட்கள் என்ற கிளைக்குப் பிறகு, அதே அடுக்கில் கடைசியாக, "கட்டணம்" என்று ஒரே ஒரு புது ஃபீல்டு ஆர்டரில் சேர்கிறது என்று வையுங்கள். பொருட்கள் இனி கடைக்குட்டி இல்லை, அதன் "└── " குறி "├── " ஆகும், அதன் கீழே உள்ள ஒவ்வொரு வரியிலும் முதல் நான்கு ஸ்பேஸ் "│   " ஆகும். டேட்டாவில் மாறியது ஒரு வரி, டிஃப்பில் அந்தக் கிளை முழுக்கச் சிவப்பும் பச்சையும். அந்த வேலைக்குக் கோடு இல்லாத வெறும் இன்டென்ட் போதும், அல்லது ஒவ்வொரு இலைக்கும் முழுப் பாதையை எழுதும் "ஆர்டர்.பொருட்கள்[0].பெயர் = பூட்டு" பாணி. க்ரான் என்ற கருவி ஜேசனை இப்படித்தான் பிரித்துத் தருகிறது, க்ரெப் என்ற வரித் தேடல் கருவியில் தேடவும் அதுதான் தோது, ஏனென்றால் மரத்தில் "பெயர்" என்று தேடினால் யாருடைய பெயர் என்று தெரிய மேலே ஏறி ஏறிப் பார்க்க வேண்டியிருக்கும்.